ரேட்ஸ் அப்பீலுக்கு வருவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரேட்ஸ், அதாவது நகராட்சிச் சொத்து வரி, பில் ஏறினால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் வரும் யோசனை "அப்பீல் போடு" என்பதுதான். தாராளமாகப் போடலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அப்பீலைக் கேட்க உட்காருகிறவர்கள் யார், அவர்களால் எதை மாற்ற முடியும் என்பது தெரியாமலேயே பலர் வருகிறார்கள். இப்படி ஒரு வாரியத்தின் விசாரணைகளுக்குத் தலைமை வகிக்கும் வழக்கறிஞன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்து வரிச் சட்டப்படி, ஒவ்வொரு பெருநகரத்திலும் மாவட்டத்திலும் குறைந்தது ஒரு மதிப்பீட்டு மேல்முறையீட்டு வாரியமாவது இருக்க வேண்டும். அதை அமைப்பது நகராட்சி அல்ல, மாகாணத்தின் உள்ளாட்சி அமைச்சர். தலைவர் சட்டம் படித்து, நீதி நிர்வாகத்தில் அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். கூடவே 2 முதல் 4 உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பதிவு பெற்ற மதிப்பீட்டாளர். எங்கள் முன்னால் நகராட்சியும் ஒரு தரப்பு, அவ்வளவுதான்.

சட்டத்தில் இதை எழுதுவது சுலபம், விசாரணை அறையில் காட்டுவதுதான் கஷ்டம். நகராட்சி மதிப்பீட்டாளர் அடிக்கடி வருகிறவர், எல்லோருக்கும் பழகிய முகம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஆன்ட்டி வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது, உள்ளே நாங்கள் அந்த மதிப்பீட்டாளரோடு டீ குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தால், அப்புறம் எவ்வளவு நியாயமாகத் தீர்ப்பு எழுதினாலும் அந்த ஆன்ட்டி ஏன் நம்ப வேண்டும்? அதனால் என் விசாரணைகளில் டீ தனித்தனியாகத்தான். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதானாலும் இரு தரப்பும் அறையில் இருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் ஜனங்களில் யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்லவே முடியாது. அன்றைய பட்டியலைப் பார்த்ததும், இவர் மாமியார் வழி, அவரை உம்கேனி ரோடு கோயிலில் காவடியின்போது பார்த்திருக்கிறேன் என்று ஞாபகம் வந்துவிடும். கோயில் பழக்கம் மட்டும் என்றால் அதை இரு தரப்புக்கும் சொல்லி, ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்பேன். சொந்தம் என்றால் அந்த வழக்கில் உட்காருவதில்லை. "நீ அங்கே இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லையேப்பா" என்று கல்யாண வீடுகளில் காதுபடப் பேசுகிறார்கள். பேசட்டும்.

சரி, வாரியம் எதை முடிவு செய்கிறது? பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியை. குறிப்பிட்ட ஒரு தேதியில், விற்க விரும்பியவர் வாங்க விரும்பியவருக்குத் திறந்த சந்தையில் விற்றிருந்தால் இந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும்? ஒரு ராண்ட் மதிப்புக்கு எத்தனை சென்ட் வரி என்பதை மாநகர மன்றம் பட்ஜெட்டில் முடிவு செய்கிறது. அதில் எங்களுக்கு வேலை இல்லை. ஓய்வூதியக்காரர்களுக்கான சலுகையும் எங்கள் கையில் இல்லை. அதற்கு நகராட்சியின் சேவை மையமான சிசகாலா மையத்துக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். பென்ஷன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் நிற்கிறவர்களிடம் இதைச் சொல்லி அனுப்புவது, சத்தியமாக, இந்தப் பதவியில் எனக்குப் பிடிக்காத வேலை.

அந்தத் தேதி விஷயம்தான் அதிகம் குழப்புகிறது. சொத்துகளின் மதிப்பைக் காட்டும் நகராட்சியின் மதிப்பீட்டுப் பட்டியல் ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வரும். மதிப்பீட்டுத் தேதி அதற்கு 12 மாதம் வரை முந்தையதாக இருக்கலாம். பெருநகரங்களில் ஒரே பட்டியல் 4 ஆண்டு வரை ஓடும். எனவே இன்று உங்கள் தெருவில் என்ன விலை என்பது கணக்கில் வராது. 2022 ஏப்ரல் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுத் தேதி வெள்ளத்துக்கு முந்தையதாக இருந்தால், சுவர் இடிந்த படங்களை எத்தனை கொண்டுவந்தாலும் எங்களால் அந்தத் தேதியைத் தாண்ட முடியாது. ஆனால் வழி இல்லாமல் இல்லை. சொத்தின் மதிப்பு கணிசமாகக் குறைந்தால், சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி துணை மதிப்பீடு செய்யும்படி நகராட்சியிடம் கேட்கலாம். அந்தப் படங்கள் அங்கேதான் போக வேண்டும்.

எங்களிடம் கொண்டுவர வேண்டியது விற்பனை விவரம். உங்கள் வீட்டைப் போன்ற வீடு, பக்கத்துத் தெரு, மதிப்பீட்டுத் தேதியை ஒட்டிய விற்பனை, பத்திரப் பதிவில் உள்ள விலை. இணையத்தில் விளம்பரம் செய்த விலை விற்பவர் கேட்கிற விலைதானே தவிர விற்ற விலை இல்லை. அண்ணன் தம்பிக்குக் குறைத்துக் கொடுத்ததும், வங்கி ஏலத்தில் போனதும் திறந்த சந்தை விலை ஆகாது. வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பிளானையும் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; வான்வழிப் படங்களையும் கணினி வழி மொத்த மதிப்பீட்டையும் பயன்படுத்தலாம். மேலிருந்து எடுத்த படத்தில் கார் நிறுத்தும் கூரையும் அறையின் கூரையும் ஒரே மாதிரி தெரியக்கூடும். பிளான் இருந்தால் அந்த விவாதம் சீக்கிரம் முடியும்.

ரேட்பேயர்ஸ் சங்கங்களுக்கு ஒன்று: தெருவுக்கே சேர்த்து ஒரு மனு போட முடியாது. அப்பீலுக்கு முன் மதிப்பை எதிர்த்து நகராட்சியிடம் கொடுக்கும் ஆட்சேபணை ஒவ்வொரு சொத்துக்கும் தனியாக இருக்க வேண்டும்.

ஆட்சேபணையின் முடிவைச் சொல்லும் கடிதம் அனுப்பப்பட்டதிலிருந்து 30 நாளில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதே 30 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேட்கவும் உரிமை உண்டு. கேட்டிருந்தால், காரணம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 21 நாள் கணக்கு. காரணத்தைக் கேளுங்கள். எதை எதிர்த்துப் பேசப்போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வருகிறவரின் விசாரணை எங்களுக்கும் தெளிவாக இருக்கும். மதிப்பீட்டாளர் ஆட்சேபணையின் பேரில் மதிப்பை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றினாலோ குறைத்தாலோ, யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் அது எங்கள் மறுபரிசீலனைக்கு வந்தே தீரும்.

எங்கள் முடிவு நடைமுறையில் நியாயமற்றது என்று தோன்றினால் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். தாமதிக்காமல், அதிகபட்சம் 180 நாளுக்குள். அதுவரை, மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்று ரேட்ஸ் கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். மேல்முறையீடு அதைத் தள்ளிவைக்காது. மதிப்பு குறைந்தால், பட்டியல் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து வித்தியாசத்தைத் திருப்பித் தருவார்கள்.