ரத்தம் எடுத்த டியூபில் யார் பெயர் இருக்கிறது?

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டுபவர்களில் பெரும்பாலோர் ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னதும், சட்டைக் கையை இறக்கிவிட்டபடி எழுந்து போய்விடுவார்கள். அதற்குப் பிறகு நடக்கும் பத்து வினாடி வேலையை யாரும் கவனிப்பதில்லை. கறுப்புக் கோடுகள் அச்சடித்த சிறிய லேபிள் ஒன்றை உரித்து, உங்கள் ரத்தம் இருக்கும் டியூபின் மேல் ஒட்டுகிறோம். மருத்துவமனை ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஊசியைப் பார்க்கப் பயமாக இருந்தால் பார்க்க வேண்டாம். அந்தப் பத்து வினாடியை மட்டும் தவறாமல் பாருங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பார்கோடு கிடையாது. டியூபின் மேல் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, அதில் பேனாவால் வரிசை எண் எழுதுவோம். அதே எண்ணைப் பதிவேட்டில் எழுதுவோம், இயந்திரத்தில் தட்டுவோம், முடிவு வந்ததும் ரிப்போர்ட்டில் மறுபடி எழுதுவோம். ஒரே எண்ணை நான்கு இடங்களில் கையால் எழுதினால், ஏதாவது ஓரிடத்தில் 1 என்பது 7 ஆகப் படிக்கப்படும். 16 என்பது 61 ஆகிவிடும். ஈரக் கை பட்டால் மை கரைந்துவிடும். காலையில் எடுத்த ரத்தத்தில் இன்னொரு பரிசோதனையும் செய்து தரும்படி டாக்டர் மாலையில் கேட்டால், குளிர்பெட்டியைத் திறந்து நூற்றுக்கணக்கான டியூப்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பார்கோடு வந்ததும் இந்த அவதி பெரும்பாலும் ஒழிந்தது. இப்போது டியூபை ஸ்டாண்டில் நிறுத்தி இயந்திரத்துக்குள் தள்ளினால் போதும். இயந்திரம் கோட்டைப் படிக்கிறது, இந்த எண்ணுக்கு என்னென்ன பரிசோதனை என்று கணினியைக் கேட்கிறது, செய்கிறது, முடிவை அதே எண்ணுக்கு அனுப்புகிறது. இடையில் யாரும் எழுத வேண்டியதில்லை. வேலை முடிந்த டியூபை எந்தத் தட்டில் எத்தனையாவது குழியில் வைத்தோம் என்பதும் ஸ்கேன் ஆகிவிடுகிறது. மாலையில் டாக்டர் கேட்டால் எண்ணைத் தட்டிவிட்டு நேராகப் போய் எடுத்து வரலாம். ஆகவே பார்கோட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது வந்திராவிட்டால் இன்று வரும் மாதிரிகளின் எண்ணிக்கைக்கு நாங்கள் ஈடுகொடுத்திருக்கவே முடியாது.

ஆனால் ஒரு காலை நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் பெண்கள் வார்டில் ஒரே பெயருடைய இருவர் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள். தலைப்பெழுத்து மட்டும் வேறு. ஒருவருக்குக் கடுமையான ரத்தசோகை. முந்தைய நாள் ஹீமோகுளோபின் 6.8. ரத்தம் ஏற்ற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இன்னொருவர் வேறு காரணத்துக்காகச் சேர்ந்தவர். ரத்த அளவில் குறையே இல்லை. விடியற்காலையில் செவிலியர் மேஜையிலேயே எல்லா டியூபிலும் லேபிளை ஒட்டி, டிரேயில் அடுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வேலையைச் சீக்கிரம் முடிக்க எல்லா இடத்திலும் நடக்கிற வழக்கம்தான் இது.

எட்டு மணிக்கு முடிவுகள் திரைக்கு வந்தன. ரத்தசோகைக்காரருக்கு ஹீமோகுளோபின் 12.4 என்று காட்டியது. இரவில் ரத்தம் ஏற்றிவிட்டார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். பக்கத்து வரியில் எம்.சி.வி. இருந்தது. சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் அளவு அது. முந்தைய நாள் 64, இன்று 90. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வது. அதன் பருமன் ஒரே இரவில் அப்படிக் கூடவே கூடாது. வார்டுக்குப் போன் செய்தேன். ரத்தம் எதுவும் ஏற்றவில்லை என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் முடிவைத் திறந்து பார்த்தால் அங்கே 6.9 இருக்கிறது. டியூப்கள் கட்டில் மாறிவிட்டன.

அந்த இரண்டு டியூபையும் இயந்திரம் துல்லியமாகப் படித்திருந்தது. நாங்கள் பயன்படுத்தும் பார்கோடு வகையில், கடைசியில் ஒரு சோதனைக் குறி ஒளிந்திருக்கும். முன்னால் உள்ள எழுத்துகளை வைத்துக் கணக்குப் போட்டு அந்தக் குறி கிடைக்க வேண்டும். கோடு அழிந்தோ நசுங்கியோ எழுத்து மாறினால் கணக்கு உதைக்கும், ஸ்கேனர் ஏற்காது. அன்று கணக்கு சரியாக வந்தது. எண் சரி, கோப்பு சரி, அளவு சரி. உள்ளே இருந்த ரத்தம்தான் வேறொருவருடையது. லேபிள் எதன்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சோதிக்கிற குறி எந்த பார்கோட்டிலும் இல்லை.

கைகால் நடுங்கியது அதற்குப் பிறகுதான். அதே டிரேயில், ரத்த வகை பார்ப்பதற்கான டியூப்களும் வந்திருந்தன. இரண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். எம்.சி.வி. பொருந்தாமல் போனது எங்கள் நல்ல நேரம். இருவருக்கும் நெருக்கமான அளவுகள் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் சிக்கலின் வேர் புரிகிறது. அமெரிக்காவில் நார்மன் ஜோசப் வுட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இருவர் மளிகைக் கடைக்காக யோசித்தது இது. மோர்ஸ் தந்திக் குறியின் புள்ளிகளையும் கோடுகளையும் நினைத்தபடி, வுட்லண்ட் மியாமி கடற்கரை மணலில் விரல்களை இழுத்தபோது பிறந்த யோசனை. 1952இல் காப்புரிமை கிடைத்தது. கடையில் முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, ஓஹியோ மாநிலத்தின் ட்ராய் நகரில், ஒரு சூயிங்கம் பொட்டலம். கட்டம் கட்டமாக இருக்கும் க்யூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில், மோட்டார் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது.

மளிகைப் பொட்டலத்தின் கோடு தொழிற்சாலையிலேயே உறையோடு சேர்த்து அச்சாகிறது. பத்தாயிரம் பொட்டலத்துக்கும் ஒரே கோடு. ஒன்றுக்கொன்று மாறிப்போனாலும் நஷ்டமில்லை. எங்கள் டியூப் அப்படியல்ல. எல்லாமே ஒரே மாதிரி ஊதா மூடி, ஒரே நிறத் திரவம். ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதர். வேறுபடுத்திக் காட்டும் ஒரே பொருளான லேபிளை, தூக்கம் கலையாத விடியற்காலையில், ஒரு மனிதக் கை ஒட்டுகிறது. அந்தக் கை எங்கே, எப்போது ஒட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் நின்று, பெயரைக் கேட்டு, ரத்தம் எடுத்து, அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன்பே ஒட்ட வேண்டும். முன்கூட்டியே ஒட்டி எடுத்துப் போகக் கூடாது. எல்லாருக்கும் எடுத்துவிட்டு மேஜைக்கு வந்து ஒட்டுவது அதைவிட ஆபத்து.

பெயரைக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "நீங்கள்தானே லட்சுமி?" என்று கேட்டால் பதில் எப்போதும் "ஆமாம்" என்றுதான் வரும். காது சரியாகக் கேட்காத தாத்தா தலையாட்டுவார். மருந்து மயக்கத்தில் இருக்கும் அம்மா "ம்" என்பார். ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டால் மறுத்துப் பேசக் கூடாது என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறைய பேர். "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். வயதையும் அவரே சொல்ல வேண்டும். பேச முடியாதவர் என்றால் கூட இருக்கும் உறவினர் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இது இரட்டிப்பு முக்கியம். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தலைப்பெழுத்து ஒன்றே அடையாளம். ஒரு வார்டில் இரண்டு செல்வி, மூன்று முருகன் இருப்பது சாதாரணம். ஆங்கிலத்தில் பதியும்போது எம் என்பதும் என் என்பதும் காதில் ஒன்றுபோல விழும். திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்டவர்கள், ஆதாரில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக இருப்பவர்கள், பதிவு செய்யும் இடத்தில் மகன் தன் தலைப்பெழுத்தையே அம்மாவுக்கும் சொல்லிவிட்ட குடும்பங்கள் என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிறந்த குழந்தைக்கோ பெயரே இருக்காது. இன்னாருடைய குழந்தை என்று அம்மா பெயரில்தான் லேபிள் அச்சாகும். இரட்டைக் குழந்தை என்றால் ஒன்று, இரண்டு என்ற எண் மட்டுமே வித்தியாசம். அங்கே பெயரை நம்பவே முடியாது. கையிலோ காலிலோ கட்டிய பட்டையின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உள்நோயாளியின் மணிக்கட்டில் பார்கோடு அச்சிட்ட பட்டை கட்டுகிறோம். அதை ஸ்கேன் செய்தால், கட்டில் பக்கத்திலேயே லேபிள் அச்சாகும் வசதிகூடச் சில மருத்துவமனைகளில் இருக்கிறது. மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் குளுக்கோஸ் ஏற்ற இடைஞ்சலாக இருக்கிறது என்று பட்டையை வெட்டிக் கட்டில் கம்பியில் கட்டிவைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டில் மாற்றியபோது பட்டை பழைய கட்டிலிலேயே இருந்தது. மனிதர் மேல் இல்லாத பட்டை யாருடைய அடையாளமும் இல்லை. உங்கள் வீட்டார் யாராவது சேர்ந்திருந்தால், வெட்டிய பட்டைக்குப் பதிலாக மறு கையில் புதியது கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஒட்டும் முறையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. இதை ஆய்வக வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். லேபிளை டியூபின் நீளவாக்கில் ஒட்டுங்கள். டியூபை நிமிர்த்திப் பிடித்தால் கோடுகள் ஏணிப்படிபோலத் தெரிய வேண்டும். குறுக்கே சுற்றினால் வளைவில் கோடுகள் மறைந்து ஸ்கேனர் திணறும். கோடுகளின் இரு முனையிலும் உள்ள வெள்ளை இடம் வீண் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை ஸ்கேனர் அறிவது அதை வைத்துத்தான். ரத்தத்தின் மட்டம் தெரிய ஒரு பக்கம் இடைவெளி விடுங்கள். மூடியில் ஒட்டவே கூடாது, மூடி கழன்று மாறும். கடை ரசீதுபோன்ற வெப்பத் தாளில் அச்சான லேபிளில் ஸ்பிரிட் பட்டால் எழுத்து மங்கும் அல்லது தாளே கருத்துவிடும். பஞ்சு நனைந்த கையோடு தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு லேபிளின் மீது இன்னொன்றை ஒட்டாதீர்கள். அடியில் இருப்பது யார் பெயர் என்ற கேள்விக்கு அப்புறம் பதிலே கிடைக்காது.

பரிசோதனை முடிவு மாறினால் மறுபடி செய்து திருத்த ஒரு வாய்ப்பாவது இருக்கும். ரத்தம் ஏற்றும் இடத்தில் அந்த வாய்ப்பும் குறைவு. ஓ வகைக்காரருக்கு ஏ வகை சிவப்பணுவை ஏற்றினால் அவர் உடலில் இருக்கும் எதிர்ப்பொருள் அதை உடனே உடைக்கத் தொடங்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்பு வலி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது, சிறுநீரகம் செயலிழப்பது, உயிரிழப்பு வரை போகலாம். அதனால்தான் ரத்தப் பையின் லேபிளில் அவ்வளவு ஏற்பாடு. நம் நாட்டுச் சட்டப்படி ஓ வகைக்கு நீல லேபிள், ஏ வகைக்கு மஞ்சள், பி வகைக்கு இளஞ்சிவப்பு, ஏபி வகைக்கு வெள்ளை. ஐ.எஸ்.பி.டி. 128 என்ற உலகப் பொது முறையைப் பின்பற்றும் ரத்த வங்கியில் ஒவ்வொரு கொடைக்கும் 13 எழுத்து நீளத்தில் தனி எண் உண்டு. அந்த எண் இன்னொரு கொடைக்கு வராது. பையோடு தொங்கும் மெல்லிய குழாயில்கூட சிறு சிறு இடைவெளியில் ஒரே எண் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டித்தான் நோயாளியின் ரத்தத்தோடு பொருத்தம் பார்க்கிறோம். பையைத் திறக்காமலே, இது இந்தப் பையின் ரத்தம்தான் என்று உறுதி சொல்ல அந்த எண் உதவுகிறது.

இவ்வளவும் பைக்கு. நோயாளியின் பக்கம் இருந்து வருவது அந்த ஒரு டியூப். ஆகவே முதன்முறை ரத்தம் ஏற்றப்போகிறவருக்கு, வேறொரு நேரத்தில் தனியாக இரண்டாவது மாதிரி எடுத்து, ரத்த வகையை மறுபடி பார்ப்பது நல்ல ரத்த வங்கிகளின் வழக்கம். "இப்போதுதானே எடுத்தீர்கள், திரும்பவும் எதற்கு?" என்று உறவினர்கள் கோபப்படுகிறார்கள். முதல் டியூபில் இருந்த ரத்தம் அவருடையதுதானா என்று பார்ப்பதற்கு எங்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. தயவுசெய்து கையை நீட்டுங்கள். ரத்தம் ஏற்றும் முன் இரண்டு பேர் வந்து பையையும் கைப்பட்டையையும் ஒப்பிட்டுப் படிப்பார்கள். படிக்காமல் மாட்ட வந்தால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அந்த வார்டுச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஊசியைத் தொடும் முன்பு, லேபிளை நோயாளியிடம் காட்டிப் படிக்கச் சொல்வேன். எடுத்த பிறகு அவர் கண் முன்னாலேயே ஒட்டுவேன். சில மாதங்களுக்கு முன் ஒரு பாட்டி பேரனோடு வந்திருந்தார். பெயர் கேட்டேன், சரியாகச் சொன்னார். லேபிளை நீட்டினேன். "கண்ணாடி கொண்டு வரவில்லையே தம்பி" என்று பேரனிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல அவன் உரக்கப் படித்தான். பெயர், தலைப்பெழுத்து, பிறகு "வயது 58".

"எனக்கு எழுபத்தொன்று ஆகிறது" என்றார் பாட்டி.

பதிவு செய்யும் இடத்தில் விசாரித்தோம். அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் கொண்ட இன்னொரு பெண்ணின் பழைய எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். லேபிளைக் கிழித்துப் போட்டேன். சரியான எண்ணில் புது லேபிள் அச்சாகி வரப் பத்து நிமிடம் ஆனது. அதுவரை பாட்டி நாற்காலியில் கையை நீட்டியபடியே காத்திருந்தார். வந்ததும் பேரன் கேட்காமலே வாங்கி, இந்த முறை வயதிலிருந்து படிக்கத் தொடங்கினான்.