ஜோன் எங்கே கிழியும்?

பெங்களூர் அல்சூர் பக்கம் சாயங்காலம் கூடைப்பந்து ஆடும் நம் பையன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரணி ஜோன் போட்டதும், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காக்கத் தொடங்கியதும், தூரத்திலிருந்து எறிய ஆரம்பித்துவிடுவார்கள். விழுந்தால் கொண்டாட்டம், விழாவிட்டால் கோச்சிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். தூரத்து எறி தப்பில்லை. அசையாத ஜோனின் மேல் எறிவதுதான் தப்பு.

ஜோனில் ஆளுக்கு ஆள் காவல் கிடையாது, ஆளுக்கொரு இடம். வழக்கமான 2-3 அமைப்பில் முன்னால் இருவர், ரிங் பக்கம் மூவர். சர்வதேசக் கோர்ட்டில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு (இதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) உள்ளே மட்டும் சுமார் 92 சதுர மீட்டர் இருக்கிறது. ஐந்தால் வகுத்தால் தலைக்குப் பதினெட்டுக்கு மேல். எவ்வளவு நீளமான கை இருந்தாலும் அதை ஒருவர் மூட முடியாது. பந்து போகும் பக்கமெல்லாம் ஐவரும் சேர்ந்து சரிவதால்தான் ஜோன் தாங்குகிறது.

அந்தச் சரிவைத் தாமதப்படுத்துவதுதான் தாக்கும் அணியின் வேலை. நல்ல பாஸ் நொடிக்குப் பத்து மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 15 மீட்டர் அகலக் கோர்ட்டைத் தாண்ட ஒன்றரை நொடி. காவலர் பார்த்து முடிவெடுக்கவே கால் நொடி போலப் போய்விடும். பிறகு நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க வேண்டும், போய்ச் சேர்ந்ததும் நிற்கவும் வேண்டும். நிற்காமல் பாய்ந்தால் எறிவதுபோல் ஒரு பாவனை போதும், அவரைத் தாண்டிவிடலாம். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (டிரிபிளிங்) மறுபக்கம் போனால் இந்த லாபம் போச்சு. பந்தும் காலின் வேகத்துக்கு இறங்கிவிடும்.

எங்கே நிற்பது என்பது அடுத்த கேள்வி. இரண்டு வீட்டுக்குப் பொதுவான சந்தில் குப்பை பெருக்க ஆளிருக்காது. இரு காவலர்களுக்கு நடுவே நிற்பவரும் அப்படித்தான், யார் பொறுப்பு என்று இருவருமே தயங்குவார்கள். முன்வரிசையில் இருவர் என்றால், மேலே ஒருவரும் இரு விங்கில் (பக்கவாட்டில்) இருவருமாக நில்லுங்கள். வலது விங்குக்குப் பந்து வந்ததும் பின்வரிசை வலதுகாரர் மேலே ஓடி வந்தே ஆக வேண்டும். அந்த நொடியில் வலது கார்னர், அதாவது கோர்ட்டின் மூலை, காலி. கார்னரில் நிற்கும் நம் ஆளுக்குப் பாஸ் போனால் அந்தக் காவலர் திரும்பி ஓட வேண்டும், இல்லையென்றால் நடுவில் நிற்கும் உயரக்காரர் வெளியே வர வேண்டும். அவர் வந்தால் ரிங்கடி காலி; ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறி) கோட்டருகே நிற்பவர் அங்கே வெட்டி உள்ளே போகலாம். ஒரே பக்கம் ஆட்களைக் குவிப்பதன் பலன் இது.

அந்த ஃப்ரீ த்ரோ கோட்டு ஆளைத்தான் பலரும் வீணாக்குகிறார்கள். பலகையிலிருந்து 4.6 மீட்டரில், ஐவருக்கும் நடுவே நிற்கிறார். அவர் கைக்குப் பந்து வந்தால் ஐவரும் உள்ளே திரும்புவார்கள். முதுகுக்குப் பின்னால் கார்னர்களில் நடப்பது தெரியாது. அவர் எறியக்கூட வேண்டாம். திரும்பிப் பார்த்து வெளியே கொடுத்தாலே போதும்.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ 2001-இல்தான் ஜோனை அனுமதித்தது; அங்கே காவலர் யாரையும் காக்காமல் ரிங்கடிப் பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் அந்தத் தடை கிடையாது. 2017 மகளிர் ஆசியக் கோப்பை நடந்த நம்மூர் கண்டீரவா உள்ளரங்கில் ஆடினாலும் ஃபிபா விதிதான், உயரக்காரர் உள்ளேயே குடியிருக்கலாம். டிவியில் என்பிஏ பார்த்துக் கற்றவர்கள் இதில்தான் திணறுகிறார்கள்.

ரீபவுண்டை, அதாவது தவறிய எறி துள்ளி வரும்போது பிடிப்பதை, மறக்க வேண்டாம். ஜோன் காவலர் இடத்தைப் பிடித்திருக்கிறார், ஆளைப் பிடிக்கவில்லை; எறி கிளம்பும்போது யாரைத் தடுப்பது என்று தேட வேண்டியிருக்கிறது. கார்னரிலிருந்து தவறும் எறி பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் துள்ளும். அதனால் எதிர்ப்பக்க விங்கில் நிற்பவர், எறிபவரின் கை உயரும்போதே உள்ளே கிளம்பிவிட வேண்டும்.