பொசம் எலி அல்ல

மெல்பர்னில் என் மாமா வாடகைக்கு இருக்கும் வீட்டில், இரவு பத்து மணிக்குமேல் கூரைக்குள் ஆள் நடப்பதுபோல் தடதடவென்று சத்தம். வீட்டுப் பராமரிப்பாளர் கொடுத்த தமிழ்த் துண்டுத்தாளில் ‘பையெலி’ என்று அச்சிட்டிருந்தார்கள். மாமா ‘எலி’யை மட்டும் பிடித்துக்கொண்டார். மறுநாளே எலி மருந்துக் கட்டிகள் வந்து இறங்கின. ஏணியில் கால் வைத்தவரை நான்தான் தடுத்தேன்.

கூரைக்குள் இருந்தது பொசம்: மரங்களில் வாழும் ஆஸ்திரேலிய விலங்கு. விக்டோரியா மாநிலத்தில் 1975ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது; விஷம் வைப்பது குற்றம். ஒரு தவறான சொல் முதியவர் ஒருவரைக் குற்றம் செய்ய அனுப்பப் பார்த்தது.

‘பொசம்’ என்ற சொல்லின் பிறப்பு அமெரிக்காவில். வர்ஜீனியாவின் பவ்ஹட்டன் பழங்குடியினர் தங்கள் நாட்டு விலங்கொன்றுக்கு, ‘வெண்ணிற நாய் போன்றது’ என்ற பொருளில் வைத்த பெயர் ஆங்கிலத்தில் ‘ஒப்பொசம்’ ஆகி, ‘பொசம்’ எனக் குறுகியது. 1770 ஜூலையில் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், ஆஸ்திரேலியாவின் எண்டெவர் ஆற்றங்கரையில் பிடிபட்ட விலங்கையும் அந்த இனத்தில் சேர்த்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைய உயிரியல் வகைப்பாட்டில் இரண்டும் வெவ்வேறு வரிசையைச் சேர்ந்த விலங்குகள்.

‘பையெலி’க்கு வருகிறேன். எலி கொறிணி. பொசம் கங்காருவும் கோலாவும் இருக்கும் வரிசையைச் சேர்ந்த பைம்மா, அதாவது குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் விலங்கு. முகம் எலியை ஒத்திருக்கிறது என்பதற்காக இப்பெயர் என்றால், கங்காருவைப் ‘பைமான்’ என்று அழைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லையே! அதே 1770இல், அதே ஆற்றங்கரையில் கேட்டறிந்த பழங்குடிச் சொல்லைக் கங்காரு என்று அப்படியே ஏற்றுக்கொண்டோம். தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. தமிழாக்கம் என்ற பெயரில் ‘எலி’யை ஒட்டும்போது, எலிக்குச் செய்யும் எல்லாமும் கூடவே வந்துவிடுகிறது: பொறி, மருந்து, அருவருப்பு. பொசத்துக்குச் செய்ய வேண்டியது வேறு. கூரையைத் தொடும் கிளைகளை வெட்ட வேண்டும். தோட்டத்து மரத்தில் அது தங்க ஒரு மரப்பெட்டி கட்ட வேண்டும். இருட்டியபின் அது இரை தேடிப் போனதும், உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துவிட்டு ஓட்டையை அடைக்க வேண்டும். பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடக் கூடாது. தன் இடத்தை இழந்த பொசம் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். பிடித்தால் 50 மீட்டருக்குள், அன்றே சூரியன் மறைந்தபின் விட வேண்டும் என்பது அங்கே விதி. ‘எலியை ஐம்பது மீட்டருக்குள் விடவும்’ என்று படிப்பவர் என்ன நினைப்பார்?

‘மரநாய்’ என்பாரும் உண்டு. பவ்ஹட்டன் மூலத்திலேயே நாய் இருக்கிறதே என்று வாதாடவும் செய்கிறார்கள். மரநாய் நம் ஊரில் பனையேறிக் கள் குடிக்கும் விலங்கின் பெயர், பையில்லாத ஊனுண்ணி. உரிமையாளர் இருக்கும் சொல்லை எடுத்து வேறொன்றுக்குக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், விலங்கைப் பார்ப்பதில்லை. நியூசிலாந்தில் பொசத்தை ஒழிக்கச் சொல்லும் வாசகத்தை அப்படியே ஆஸ்திரேலியத் தாளில் ஒட்டியதையும் கண்டிருக்கிறேன். 1837 முதல் உரோமத்துக்காகக் கொண்டுபோய் விடப்பட்ட விலங்கு அங்கே காட்டை அழிக்கிறது. ஆஸ்திரேலியாவில் அது மண்ணின் பிள்ளை.

என் பரிந்துரை ‘பொசம்’. உச்சரிப்பை நம்பிப் ‘பாசம்’ என்று எழுதினால் ‘கூரையில் பாசம்’ என்று வாசகர் திகைப்பார். பொசம், பொசத்தை, பொசங்கள்: மரம், மரத்தை, மரங்கள் போலவே வேற்றுமை ஏற்கிறது. வகை சொல்ல வேண்டுமானால், புதர்போல் வாலுள்ளதைப் புதர்வால் பொசம் எனலாம். மாமா வீட்டு வேலிமேல் அன்றிரவு டார்ச் ஒளியில் நின்றது மற்றொரு வகை: நுனி வெளுத்த மெல்லிய வாலால் கம்பியைச் சுற்றிப் பிடித்திருந்தது. அது சுருள்வால் பொசம்.