ஹெராயினை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள்

1971இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் ஹெராயின் சர்வசாதாரணமாகப் புழங்கியது. ஊருக்குக் கிளம்புமுன் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. அதில் சிக்கியவர்களுக்கு, போதை உடம்பை விட்டு இறங்கும்வரை விமானம் கிடையாது. திரும்பி வந்தவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே இருந்தபோது அடிமையாகவே கிடந்ததாக ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர்களில், ஊர் வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். பெரும்பாலோர் சிகிச்சைக்குக்கூடப் போகவில்லை. பொருள் அதேதான், இடமும், கூட இருந்த ஆட்களும், அன்றாட வேலையும் மாறிவிட்டன.

1970களின் இறுதியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் எலிகளுக்கு ஒரு 'பூங்கா' கட்டினார். கூண்டைப்போல் சுமார் 200 மடங்கு பரப்பு, மரத்தூள், காலி டப்பாக்கள், நிறையக் கூட்டாளிகள். தனிக்கூண்டு எலிகள் சர்க்கரை கலந்த மார்ஃபின் நீரை விரும்பிக் குடித்தன; பூங்கா எலிகள் அதைவிட மிகக் குறைவாகவே தொட்டன. இணையத்தில் சுற்றிச் சுற்றி வரும் சோதனை இது. பிறகு செய்துபார்த்த சிலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

என் கணக்கில் 2018இல் வெளியான மார்கோ வென்னிரோ குழுவின் சோதனைதான் கனமானது. எலிக்கு முன்னால் இரண்டு நெம்புகோல்கள். ஒன்றை அழுத்தினால் போதை மருந்து, மற்றதை அழுத்தினால் கதவு திறந்து இன்னொரு எலி. மருந்துக்குப் பழகிய எலிகளும் பெரும்பாலும் கதவையே அழுத்தின. ஆனால் கதவு தாமதமாகத் திறந்தாலோ, அதை அழுத்தும்போது ஷாக் அடித்தாலோ, மருந்துப் பக்கம் சாய்ந்தன. துணை எங்கோ இருப்பது போதாது. உடனே கிடைக்க வேண்டும், வலியில்லாமல் கிடைக்க வேண்டும்.

பதின்பருவத்தில் இந்தத் துணைத்தேடல் இன்னும் கூர்மையாகிறது. இன்பத்தையும் நண்பர்களின் அங்கீகாரத்தையும் தேடும் மூளைப்பகுதிகள் சீக்கிரம் சூடாகிவிடும். நிதானிக்கவைக்கும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டிருக்கும். வீட்டில் அடி, வசை, கைவிடல் எனக் காயங்கள் சேர்ந்தால் நிலைமை மோசம். சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைப் பட்டவர்களுக்கு மது, போதைப் பழக்க ஆபத்து பல மடங்கு கூடுவதை 1998இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இவர்களுக்குப் போதை என்பது கொண்டாட்டமே இல்லை, வலிமாத்திரை. பயமுறுத்தும் வகுப்புகள் இங்கே எடுபடாததில் என்ன ஆச்சரியம்?

ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. பள்ளிதோறும் பெயர் கேட்காத கருத்தாய்வு நடத்தி, அந்தந்த ஊரின் முடிவை அந்தந்த ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டு, இசை வகுப்புக் கட்டணத்துக்கு மானியம், பெற்றோர் தமக்குள் ஒப்பந்தம், பிள்ளைகள் இரவில் வெளியே சுற்ற நேரக்கட்டுப்பாடு. 1998இல், முந்தைய மாதம் போதையேறக் குடித்திருந்த 15-16 வயதினர் 42 சதவீதம், 2016இல் 5. எல்லாப் புகழும் திட்டத்துக்கே என்று சொல்ல முடியாது, ஆனால் சரிவு சாமான்யமானதல்ல.

இடத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, கொல்லும் முகம். 1982இல் ஷெப்பர்ட் சீகல் ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்குப் பெரிய அளவு கொடுத்தார். பழகிய அறையில் செத்தவை 32 சதவீதம், புது அறையில் 64. பழகிய இடத்தைக் கண்டதும் உடம்பு முன்கூட்டியே எதிர்ப்புக்குத் தயாராகிறது. புது இடத்தில் அந்தத் தயாரிப்பு இல்லை. சில வாரம் நிறுத்தியவரின் தாங்கும் சக்தியும் இறங்கிவிடும், அப்போது பழைய அளவே உயிரைக் குடிக்கும்.

அதனால்தான் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்: "யாராவது விழுந்துவிட்டால் என்னைக் கூப்பிடு, திட்டு பிறகு." எழுப்பினாலும் அசையாமை, மூச்சு மெதுவாதல், உதடு நீலமாதல், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல் ஆகியவை ஓபியாய்டு, அதாவது ஹெராயின், மார்ஃபின் வகை மருந்து, அளவு மீறியதன் அடையாளங்கள். ஆம்புலன்ஸை அழைத்து, மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் மருந்து கிடைத்தால் கொடுக்க வேண்டும். அது வேலைசெய்வது 30 முதல் 90 நிமிடம். உள்ளே போன போதை மருந்து அதைவிட நீடிக்கலாம். எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று சொன்னாலும் தனியே அனுப்பக்கூடாது.