ஆயிரம் பேரின் விரலைக் குத்திவிட்டீர்கள், பிறகு?

மார்ச் வந்துவிட்டால் போதும், நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்கு (சி.எஸ்.ஆர்.) ஒதுக்கிய பணத்தில் கல்யாண மண்டபங்களின் வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். மாபெரும் இலவச மருத்துவ முகாம், நிறுவனத்தின் சின்னம், வணங்கும் கைகள். காலை 9 முதல் 1 மணி வரை. வருவோர் 300 பேர், பி.பி. கருவி இரண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கருவிக்கும் சேர்த்து 480 நிமிடம். ஆளுக்கு ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. வெயிலில் நடந்து வந்தவர் மூச்சு அடங்குவதற்குள் கையில் பட்டையைச் சுற்றி, வந்த எண்ணை எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டாக வேண்டும். சாயங்காலம் அறிக்கை தயார்: '300 பேர் பயனடைந்தனர்.'

பயனடைந்தார்களா? இந்த ஒரு சொல்தான் எரிச்சலூட்டுகிறது. 160/100 என்று ஒரு சீட்டில் எழுதி கையில் கொடுத்தால் அவருக்கு என்ன கிடைத்தது? முகாமில் கிடைப்பது சந்தேகம் மட்டுமே. பி.பி. 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் வேறொரு நாளில் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். சாப்பிட்டவர், சாப்பிடாதவர் என்று பார்க்காமல் விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 140-ஐத் தாண்டினால் அது நோய் என்று பொருளல்ல. மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியவர் என்றுதான் பொருள். வெறும் வயிற்றில் 126, அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 என்று ஆய்வகத்தில் வந்தால்தான் பேச்சு. அதன்பின் மாத்திரை தொடங்க வேண்டும், மாதாமாதம் கிடைக்க வேண்டும், அளவு கட்டுக்குள் வந்ததா என்று யாராவது பார்க்க வேண்டும். இத்தனையில் முகாம் செய்வது முதல் படி ஒன்றுதான். மீதியைச் செய்ய ஆளில்லை என்றால் முதல் படியும் வீண். வீண் என்பதோடு போனாலும் பரவாயில்லை. ஐந்து நாள் பி.பி. மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். தொடர்ந்து கொடுக்க வழியில்லாத மாத்திரையை முகாமில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

ஆகவே மண்டபம் பிடிப்பதற்கு முன் அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் போய்ப் பாருங்கள். 5 ஆகஸ்ட் 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலிலேயே பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். அதே தெருவில் அதே பாட்டிகளின் விரலை நீங்களும் குத்துவதில் யாருக்கு லாபம்? பகலில் வீட்டில் சிக்காதவர்கள்தான் விட்டுப்போகிறார்கள்: ஷிஃப்ட் வேலைக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வெளிமாநிலத்தார். முகாமை அவர்களிடம் கொண்டுபோங்கள், இரவு எட்டு மணிக்கு என்றாலும் சரி. அளவு கூடியிருந்தவர்களின் பெயர், வயது, தெரு, தொலைபேசி எண் கொண்ட பட்டியல், அவர்கள் சம்மதத்தோடு, ஒரு வாரத்துக்குள் சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ளவர்களை அழைத்து 'போனீர்களா?' என்று கேட்க ஒருவருக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுங்கள். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் பணத்தில் அது முடியும். நிறுவன அறிக்கையில் எழுத வேண்டிய எண் ஆறு மாதம் கழித்து எத்தனை பேரின் பி.பி. 140/90-க்குக் கீழே இருக்கிறது என்பது.

அளவெடுப்பதிலும் சோம்பல் வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார நாற்காலி வரிசை போடுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் ஊன்றி, கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. சாதாரணப் பட்டை புஜச் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. உள்ளவர்களுக்கு, பருத்த கைக்குப் பெரிய பட்டை இல்லையென்றால் இல்லாத பி.பி. ஏறித் தெரியும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். இப்படிச் செய்தால் ஒரு செவிலியர் மணிக்கு 20 பேரைப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆளைக் கூட்டுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள்.

சர்க்கரை ஸ்ட்ரிப் டப்பாவை வெயிலில் திறந்து வைத்தால் எண் பொய் சொல்லும். வாழைப்பழம் தின்ற விரலைக் கழுவாமல் குத்தினாலும் அப்படியே. ஸ்பிரிட் உலரட்டும். ஊசி ஆளுக்கொன்று, இதில் பேச்சே கிடையாது. குத்திய ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், ரத்தம் பட்ட பஞ்சு மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில். மண்டபக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டுப் போனால் மறுநாள் குத்துப்படுவது தூய்மைப் பணியாளரின் கை.

குதிகாலை வைத்து எலும்பு அடர்த்தி பார்க்கும் பெட்டிக்குத் தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் கால்சியம் மாத்திரை விற்கும் வேலை.

'மார்ச் 31-ஆம் தேதிக்குள் சி.எஸ்.ஆர். பணத்தைச் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்கல்' என்பது அடுத்த சாக்கு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. பல ஆண்டுத் திட்டமாக முன்பே தீர்மானித்திருந்தால், மீதிப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளில் செலவிடலாம். மார்ச்சில் அவசரப்படச் சொல்வது சட்டமல்ல, திட்டமிடாத உங்கள் குழு. (சொந்த ஊழியர்களுக்கு மட்டும் நடத்தும் பரிசோதனை இந்தக் கணக்கில் சேராது. அதையும் ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.)

அரசு மருத்துவமனைக்கு இயந்திரம் கொடுப்போரிடமும் ஒரு வேண்டுகோள். டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டியாகிவிட்டது. நான்கு மணி நேரச் சிகிச்சைக்கு நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் ஒரு நோயாளிக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். அதைத் தரும் ஆர்.ஓ. நிலையம் ஏற்கெனவே உள்ள இயந்திரங்களுக்கே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தால்? அல்ட்ராசவுண்ட் இயந்திரம் என்றால் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு முடிந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். சிறியதாக இருக்கிறதே என்று முகாம் முகாமாகத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. ரத்தப் பரிசோதனை இயந்திரங்கள் பலவும் அதே கம்பெனியின் ரீஏஜென்டை (சோதனைக்கான ரசாயனத்தை) மட்டுமே ஏற்கும். இயந்திரம் இலவசம், ரீஏஜென்ட் வாங்க மருத்துவமனையிடம் ஒதுக்கீடு இல்லை, ஆறாவது மாதம் மேலே துணி போர்த்தியாகிவிடும். கொரோனா காலத்தில் வந்த ஆக்சிஜன் உற்பத்தி நிலையத்தையும் ஓட்டாமல் பூட்டி வைத்தால் உள்ளே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் சியோலைட் குருணை ஈரம் ஏறிக் கெடும்.

எனவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் நிலைய மருத்துவ அலுவலரிடமும் உயிர்மருத்துவப் பொறியாளரிடமும் கேளுங்கள்: இடம், மின்சாரம், எர்த், இயக்க ஆள், ஐந்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஓராண்டுக்கான உபயோகப் பொருள். இவற்றுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் சின்ன இயந்திரமாகக் கொடுங்கள். அதுவும் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் கோபிக்காதீர்கள். நோயாளியோடு வந்தவர்கள் படுக்க ஒரு கூடம், கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஓராண்டுக்கு ஆள், ரத்த வங்கி ஃபிரிட்ஜுக்கு மாற்று மின்சாரம் என்று கேட்பார்கள். சக்கர நாற்காலி கேட்டால், பத்து நாற்காலியோடு இருபது முன்சக்கரமும் உபரியாக வாங்கிக் கொடுங்கள். முதலில் உடைவது அதுதான்.