மாத்திரை போடும் தாய், பால் குடிக்கும் பிள்ளை

"எதுக்கு வம்பு, மாத்திரை முடியற வரைக்கும் பால் கொடுக்காதம்மா" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். பெரும்பாலான மருந்துகளுக்கு இது தேவையே இல்லை.

விழுங்கிய மருந்து ரத்தத்தில் கலந்து, பால் சுரக்கும் செல்களைக் கடந்த பிறகே பாலில் சேரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற பெரிய மூலக்கூறுகளால் கடக்க முடியாது. வலி மாத்திரையான ஐபுபுரோஃபென் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் சொற்பமே கசியும். பாலில் கொஞ்சம் வரும் இன்சுலினும் பிள்ளையின் வயிற்றில் செரித்துவிடும்.

அளவை இப்படிக் கணக்கிடுவார்கள். 50 கிலோ தாய் நாளுக்கு 500 மி.கி. எடுத்தால், கிலோவுக்கு 10 மி.கி. பாலில் லிட்டருக்கு 1 மி.கி. மருந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைக்குழந்தை நாளுக்கு கிலோவுக்குச் சுமார் 150 மி.லி. குடிக்கும், அதில் சேர்வது 0.15 மி.கி. அதாவது தாயின் அளவில் 1.5 சதவீதம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. குறைமாதக் குழந்தைக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

ரத்தத்தில் மருந்து குறையும்போது பாலில் இருப்பதும் ரத்தத்துக்கே திரும்பும். அதனால் பாலைப் பீய்ச்சிக் கொட்டினால் மருந்து சீக்கிரம் வெளியேறாது. தினம் ஒருவேளை மாத்திரை என்றால், பால் கொடுத்து முடித்ததும், பிள்ளை நீண்ட நேரம் தூங்கப் போகுமுன் போடுவது நல்லது.

காசநோய்க்கு மருந்து எடுப்பவரும் முகக்கவசம் கட்டிக்கொண்டு பால் கொடுக்கலாம். பாலில் வரும் மருந்து பிள்ளையைக் காக்கப் போதாது. அதற்குத் தடுப்பு மருந்து தனியாகக் கொடுக்க வேண்டும்.

தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சை என்றால் இந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பாலை முன்கூட்டியே முழுதாக நிறுத்தியாக வேண்டும். புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கும் பால் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டாம்: சிலர் உடலில் அது வேகமாக மார்ஃபினாக மாறி, பிள்ளை சப்பக்கூட எழாமல் மயங்கும், மூச்சும் தடுமாறும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து குறைவு. ஆனால் பால் சுரப்பு குறையலாம்.

சில நாள் நிறுத்தச் சொன்னால், இரவு உட்பட 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சுங்கள். விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். மருந்துக்கு முன்பே எடுத்துவைத்த பால் ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும், பாலாடையில் புகட்டலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே பல ஊர்களின் போர்வெல் தண்ணீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பு அதிகம். தாய் அதையே குடித்தாலும் தாய்ப்பாலில் மிகச் சொற்பமே சேரும். தாய்ப்பாலுக்குப் பதில் அந்தத் தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்தாலோ முழுதும் பிள்ளைக்குப் போகும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பவுடர்தான் வழி என்றால் குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரிக் குடிநீரைக் காய்ச்சிக் கரையுங்கள்.