ஈக்குச் சாயம் ஏற்றுகிறார்களா?

திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி: “வாட்ஸ்அப்பில் பச்சைப்பசேல்னு ஒளிர்ற ஈயோட படம் வந்ததுங்க. அத்தனூண்டு ஈக்குள்ளே எப்படிங்க சாயம் ஏத்தறாங்க?” சாயப்பட்டறை ஊர்க்காரர் வேறெப்படிக் கேட்பார்! ஆனால் யாரும் எதையும் ஏற்றுவதில்லை. ஈயின் செல்கள் தாங்களாகவே அந்தப் பச்சையைச் செய்துகொள்கின்றன.

முதலில் எந்த ஈ என்று சொல்லிவிடுகிறேன். மாங்காயைத் துளைத்து முட்டையிடும் ஈ உண்டு, தோப்புக்காரர்கள் பொறி கட்டித் தொங்கவிடுவார்களே, அது வேறு. இது கனிந்த கதலித் தார் மேல் மொய்க்கிற மூன்று மில்லிமீட்டர் குட்டி ஈ. பெயர் டிரோசோபிலா மெலனோகாஸ்டர். முட்டையிலிருந்து பத்து நாளில் வளர்ந்துவிடும். தீனிக்குப் பெரிய செலவும் இல்லை. திம்பம் ஏறிச் சாம்ராஜ்நகர் தாண்டினால் வரும் மைசூருப் பல்கலைக்கழகத்தில் இந்த ஈ இனங்களுக்கென்றே ஒரு சேமிப்பகம் இருக்கிறது; அங்கே ரவை, வெல்லம், அகார் போட்டுக் காய்ச்சிய தீனியில்தான் வளர்க்கிறார்கள்.

பச்சைக்கு மூலம் ஜெல்லி மீன். 1962இல் ஒசாமு ஷிமோமுரா அதிலிருந்து பிரித்தெடுத்த ஜிஎஃப்பி என்ற புரதத்தில் 238 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றில் அடுத்தடுத்து வரும் மூன்று, தமக்குள்ளேயே பிணைந்து ஒளிரும் பகுதியாகிவிடுகின்றன. ஆக்சிஜன் இருந்தால் போதும், வேறு உதவி வேண்டாம். நீல ஒளியைக் காட்டினால் பச்சை ஒளி வரும். வேறு உயிரிலும் இது ஒளிரும் என்று மார்ட்டின் சால்ஃபி குழு 1994இல் காட்டியது. 2008இல் நோபல் பரிசு.

சரி, ஜிஎஃப்பியின் மரபணு ஈக்குள் எப்படிப் போகிறது? டிஎன்ஏவில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. ‘பி எலிமெண்ட்’ அப்படி ஒன்று. அதில் நமக்கு வேண்டிய மரபணுவை ஏற்றி, இட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாத முட்டையின் பின்முனையில் ஊசியால் செலுத்துவார்கள். அங்கே திரளும் செல்கள்தான் பின்னாளில் ஈயின் முட்டையாகவும் விந்தாகவும் மாறும். 1982இல் ரூபினும் ஸ்ப்ராட்லிங்கும் இப்படிக் கண் நிறம் கெட்ட ஈக்களின் சந்ததிக்கு இயல்பான நிறத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

1993இல் வந்த கேல்4-யுஏஎஸ் முறை, வேண்டிய செல்லில் மட்டும் வேண்டிய மரபணுவை இயக்க உதவியது. அருமையான கருவிதான். ஆனால் ஒரு புரதம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று பார்க்க அது அவ்வளவு தோதுப்படாது. அளவுக்கு மீறி உற்பத்தியாகி, போகக்கூடாத இடத்திலும் புரதம் போய் நிற்கும்.

அப்புறம் 2001இல் ஒரு முறை வந்தது பாருங்கள், எனக்கு மிகப் பிடித்தது அதுதான். புரதப் பொறி என்று பெயர்.

மரபணு ஒரே நீட்டாக எழுதப்பட்டிருப்பதில்லை. புரதத்துக்கான பகுதிகளுக்கு (எக்ஸான்) இடையிடையே, புரதத்தில் சேராத பகுதிகள் (இன்ட்ரான்) கிடக்கும். செல் மொத்தத்தையும் ஆர்என்ஏவாகப் படியெடுத்து, இன்ட்ரான்களை வெட்டியெறிந்து, மிச்சத்தை ஒட்டும். எங்கே வெட்டுவது? இன்ட்ரானின் இரு முனையிலும் அதற்கான எழுத்துகள் உண்டு. பெரும்பாலும் ஜியு என்று தொடங்கி ஏஜி என்று முடியும். வில்லியம் சியா குழுவினர் ஜிஎஃப்பி மரபணுவின் தொடக்கக் குறியையும் முற்றுக் குறியையும் நீக்கினார்கள். முன்னால் ஓர் இன்ட்ரானின் கடைசிப் பகுதியையும், பின்னால் ஓர் இன்ட்ரானின் முதல் பகுதியையும் வைத்து, பி எலிமெண்டில் ஏற்றித் தாவ விட்டார்கள். அது ஏதோ ஒரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் விழுந்தால், வெட்டி ஒட்டும் இயந்திரம் இதையும் ஓர் எக்ஸான் என்றே எடுத்துக்கொண்டு மற்றவற்றோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது. சென்னிமலைத் தறியில் பாவோடு ஒரு பச்சை இழையைச் சேர்த்து நெய்வதுபோல, புரதம் உருவாகும்போதே பச்சை உள்ளே இருக்கிறது. அந்தப் புரதம் வழக்கமாக எவ்வளவு உண்டாகுமோ அவ்வளவுதான் உண்டாகும், எப்போது உண்டாகுமோ அப்போதுதான் உண்டாகும்.

இதில் ஒரு சிக்கல். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பது கணக்கு. இன்ட்ரான் இரண்டு மும்மைகளுக்கு நடுவிலும் வரலாம். ஒரு மும்மையின் முதல் எழுத்தை அடுத்தோ இரண்டாம் எழுத்தை அடுத்தோகூட வரலாம். கணக்குத் தப்பினால் அதன்பின் வரும் எல்லாமே உளறல். ஆகவே பொறியை மூன்று விதமாகச் செய்தார்கள். திசையும் சரியாக அமைய வேண்டும். தலைகீழாக விழுந்தால் பயனில்லை. இடம், திசை, கணக்கு எல்லாம் பொருந்தினால்தான் பச்சை தெரியும். ஜிஎஃப்பிக்குத் தனியாகத் தொடங்க வழியே வைக்கவில்லையே! ஆக, ஒளிர்கிற முட்டையைப் பொறுக்கினாலே தேர்வு முடிந்தது. எந்த மரபணு மாட்டியது என்பதைப் பக்கத்து டிஎன்ஏவைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

பி எலிமெண்டுக்கு ஒரு குணம்: மரபணுவின் தொடக்கப் பகுதியையே தேடிப் போய் விழும். அதனால் 2011இல் ஹ்யூகோ பெல்லன் குழு, பரவலாக விழும் ‘மினோஸ்’ துண்டைப் பயன்படுத்தி மிமிக் என்ற அமைப்பைச் செய்தது. அதில் ஒருமுறை விழுந்த இடத்திலேயே உள்ளடக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்: இன்று ஜிஎஃப்பி, நாளை வேறொன்று. மாற்றம் நடந்ததா என்பதை உடம்பின் நிறமே சொல்லிவிடும். பழைய உள்ளடக்கத்தோடு கருமை தரும் மரபணுவும் கழன்றுவிடுவதால், மாறிய ஈ மஞ்சளாகப் பிறக்கும். இப்போது டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவி இருப்பதால் தாவலை நம்பாமல் குறித்த இடத்திலேயே செருகுகிறார்கள்.

ஜெல்லி மீன் ஏன் மினுக்குகிறது என்று ஷிமோமுரா கோடைதோறும் ஆயிரக்கணக்கில் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தபோது, “இதனால் என்ன பிரயோசனம்?” என்று ஒரு குழு உட்கார்ந்து கேட்டிருந்தால் இது எதுவுமே இல்லை. நம் ஊரில் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. ரவையும் வெல்லமும் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டில்களும் இருந்தால் ஒரு கல்லூரியில் ஈ வளர்ப்பைத் தொடங்கிவிடலாம். அதற்குக்கூடக் கையை விரிக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: நடுவில் இவ்வளவு பெரிய சுமையைச் செருகினால் அந்தப் புரதம் வேலை செய்யுமா? சில செய்யாது. அதைச் சோதிக்க ஈயையே கேட்கிறார்கள். உயிர்வாழ இன்றியமையாத ஒரு மரபணுவில் பொறி விழுந்திருக்கிறது என்று வையுங்கள். தாய்வழிப் பிரதி, தந்தைவழிப் பிரதி இரண்டிலும் பொறி இருக்கும்படி கலப்பு செய்வார்கள். ஈ நல்லபடியாக வளர்ந்து முட்டையும் இட்டால், புரதம் தன் வேலையைச் செய்கிறது. புழுவிலேயே செத்தால், அதே மரபணுவின் வேறு இன்ட்ரானைத் தேட வேண்டியதுதான்.